பாகுக்காரரின் நாக்கு

பழ சீசன் வந்துவிட்டால் அந்தத் தெருவில் யாரும் தனியாகத் தூங்க முடியாது. ஜன்னலைச் சாத்தினாலும் ஆப்ரிகாட் வாசனை எப்படியோ உள்ளே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். தெருக்கோடியில் ஜாம் தொழிற்சாலை. அதன் குழாயிலிருந்து வருவது புகை அல்ல, இனிப்பான நீராவி. காலை வெயில் அதன்மேல் பட்டால் தெரு முழுக்க ஆரஞ்சு நிறமாக மங்கிப்போகும். சைக்கிளில் போகிறவர்கள் அதற்குள் நுழைந்து மறைவார்கள். கொஞ்சம் தள்ளி வெளியே வரும்போது வேறு யாரோ மாதிரி இருப்பார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் கொப்பரையை எப்போது இறக்கலாம் என்று சொல்வதுதான் அவர் வேலை. அவரைப் பாகுக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவர் சட்டையில் பெயர் தைத்திருந்தது, அதை யாரும் படித்ததில்லை.

நீராவியில் கொதிக்கும் செப்புக் கொப்பரைகள் வரிசையாக இருக்கும். மரக் கரண்டியில் ஒரு துளி எடுப்பார். குளிர்ந்த தட்டில் விட்டு, தட்டைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு நாக்கின் நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணைத் திறக்கும்வரை யாரும் வால்வில் கை வைக்கமாட்டார்கள். சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்றும் இருந்தது. அவரும் கருவியும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். ஒத்துப்போகாத நாட்களில் சூப்பர்வைசர் கருவியை நம்பினார், மற்றவர்கள் பாகுக்காரரை நம்பினார்கள், ஜாம் இரண்டு பேருக்கும் பிடிகொடுக்காமல் ஒரு மாதிரியாக வந்தது.

மூடிய கண்களுக்குள் என்ன பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை அவர் மகள் கேட்டிருக்கிறாள். மரம் தெரியும் என்றார். வெயில் பக்கம் காய்த்த பழமா, நிழல் பக்கமா என்பது தெரியும். சில நாள் மழை தெரியும். எங்கேயோ ஒரு மலைச்சரிவில், அவர் போகவே போகாத ஒரு தோட்டத்தில் பெய்த மழை.

ஆனால் அவர் தொடங்கியது கொப்பரையில் இல்லை, பின்பக்க முற்றத்தில். பழத்தின் கொட்டைகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். இயந்திரம் கொட்டையை உடைக்கும், உள்ளேயிருந்து வாதுமை போல ஒரு பருப்பு வரும். சில மரத்துப் பருப்பு இனிக்கும், சில மரத்துப் பருப்பு கசக்கும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. இனிப்பதைத் தோல் உரித்து ஜாம் பாட்டிலுக்குள் ஒன்றிரண்டு போடுவார்கள். கசப்பதில் நஞ்சு உண்டு. அதை எசன்ஸ் செய்பவர்கள் வாங்கிப்போய், நஞ்சை நீக்கிவிட்டு வாசனையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். எது எந்த மூட்டை என்று சொல்ல ஒரே வழி, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்புவது. இளைஞனாக அந்த முற்றத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடித்துத் துப்பியவர் அவர். மற்றவர்களின் நாக்கு மத்தியானத்துக்குள் மரத்துப்போகும். அவருடையது மரக்காது. அதைக் கவனித்துத்தான் அவரைக் கொப்பரைக்கு ஏற்றினார்கள்.

பாட்டில் கழுவும் பகுதியில் இருந்த பெண்ணிடம் அவர் பேசிய முதல் பேச்சு, "இந்தத் தண்ணியில சலவைச் சோடா வாசனை இன்னும் போகல" என்பது. அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும் என்று அவர் மனைவி பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் அவர் சூப்பை வாயில் வைத்தவுடன் கண்ணை மூடுவார். அவள் கரண்டியோடு நிற்பாள். "நான் சோறாக்குறேனா, பரீட்சை எழுதுறேனான்னே தெரியல" என்பாள். தேறினாளா இல்லையா என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்னொரு கரண்டி கேட்டால் தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

அவர்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவர் சட்டைக் காலரில் முகத்தை வைத்து, இன்றைக்கு என்ன பழம் என்று சொல்லிவிடுவாள். நாக்கு இவளுக்கு இறங்கியிருக்கிறது என்று அவர் நினைத்தார். அவளோ வேதியியல் படித்து, வேறு ஊரில் உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்றில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். நஞ்சு எவ்வளவு என்று அளப்பது, அதை நீக்குவது, மறுபடி அளப்பது. அவருக்கு அது துக்கமான வேலையாகத் தோன்றியது. ருசியே பார்க்க முடியாத ஒரு திரவத்தோடு ஒருத்தி எப்படிக் காலம் தள்ளுவாள்?

புண் வந்தது நாக்கின் இடது ஓரத்தில். கடைவாய்ப் பல் குத்துகிறது என்றார். பல் டாக்டர் பல்லை ராவிவிட்டார். புண் ஆறவில்லை. ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தார், மனைவி கேட்டால் பழக்கம் என்றார். கடைசியில் அவள்தான் சட்டை மாட்டவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள்.

அறுவை செய்யும் டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, நிதானமாகப் பேசினாள். ஒரு தாளில் நாக்கு வரைந்து, ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள். இவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும், கழுத்திலும் சில முடிச்சுகள், சீக்கிரம் செய்துவிட்டால் நல்லது என்றாள். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ருசி?"

"மிச்சம் இருக்குற நாக்குல ருசி இருக்கும். முன்ன மாதிரி இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. பேச்சு கொஞ்சம் குழறும், பழகிடும்."

பொய் சொல்லாத பெண் என்று அவருக்குப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. தேதி கொடுத்தார்கள். அவர் அந்தத் தேதிக்குப் போகவில்லை. சீசன் முடியட்டும் என்று தொழிற்சாலையைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் மூடிக்காரர் வந்தார். முன்பு தொழிற்சாலைக்குப் பாட்டில் மூடி கொண்டுவந்தவர், இவரைவிட இளையவர், வேலையை விட்டுப் பல காலமாகிவிட்டது. யார் மூலமோ செய்தி கேட்டு, ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். விற்க எதுவும் கொண்டுவரவில்லை. அவரிடம் இருந்தது நம்பிக்கை மட்டும்தான். அதை மடியில் வைத்த பூனை மாதிரித் தடவிக்கொண்டே பேசினார். ஆப்ரிகாட் கசப்புப் பருப்பில் ஒரு சத்து இருக்கிறது. நம் சாப்பாட்டில் அது இல்லாமல் போனதால்தான் இந்த நோயே. அது நோய் பிடித்த இடத்தில் மட்டும் திறந்துகொள்ளும், நல்ல இடத்தில் பூட்டியே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகள் இதை வெளியே விடமாட்டார்கள். தலை சுற்றினால் பயப்பட வேண்டாம், நோய் இறங்குகிறது என்று அர்த்தம்.

"எங்க வீட்டுக்காரியும் இந்த நோய்க்கு இதைத்தான் சாப்பிட்டா அண்ணே" என்றார். "கசக்குது கசக்குதுன்னு அழுவா. ஒருநாள் பார்த்தா, இனிக்குதுங்கன்னு சொல்றா. அதுதான் அடையாளம். நோய் இருக்குற வரைக்கும்தான் அது கசக்கும்."

பாகுக்காரருக்கு மற்றதெல்லாம் காதோடு போயிற்று. இது மட்டும் நின்றது. டாக்டரம்மாவின் படம் அவருக்குப் புரியாத மொழி. இது அவருடைய மொழி. கசப்பது இனிக்கும், நாக்கே சொல்லிவிடும். இன்னொன்றும் நெஞ்சில் தைத்தது. இளமையெல்லாம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து, மருந்தை மருந்து என்று தெரியாமல் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறோம். விழுங்கியிருந்தால் இது வந்திருக்காதோ?

மறுநாள் முற்றத்துக்குப் போனார். அங்கே யாரும் அவரை ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கடித்துப் பார்த்து, சந்தேகமில்லாமல் கசக்கும் மூட்டையிலிருந்து அள்ளினார். அள்ளியதிலும் ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒன்றைக் கடித்தார். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு அலமாரியில், மடித்த சட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்.

துப்பாமல் விழுங்குவது முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு மத்தியானங்கள் மாற ஆரம்பித்தன. பருப்பைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அறை மெல்ல மிதக்கும். ஜன்னல் திரை மூச்சு விடும். சுவரில் விழுந்த வெயில் பாகு மாதிரி கெட்டியாகி, ஓட மறந்து, அப்படியே தொங்கும். தெருச் சத்தங்கள் எங்கோ கொப்பரைக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். தலை வலிக்கும், அந்த வலியும் தூரத்தில் யாருக்கோ வலிப்பது போல இருக்கும். நோய் இறங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். காலடியில் அது நிழலாக வழிந்து வாசற்படி தாண்டிப் போவதைக்கூட ஒருநாள் பார்த்தார்.

மனைவி மகளுக்குப் போன் செய்தாள். மகள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

வந்த அன்றைக்கே டின்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மூடியைத் திறந்து முகர்ந்தவள், அப்படியே அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறையில் அவளுக்குத் தெரிந்த வாசனை அது.

"அப்பா, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும்."

"வயித்துக்குள்ள போனா இது சயனைடாகுது. நான் நாள் பூரா தண்ணியில இருந்து எடுக்குறது இதைத்தான். நீங்க உட்கார்ந்து சாப்பிட்டுட்டிருக்கீங்க."

அவர் வைட்டமின் என்றார். அது வைட்டமினே இல்லை, பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றாள். நோய் பிடித்த இடத்தில் மட்டும்தான் திறக்கும் என்றார். குடலுக்குள்ளேயே திறந்துவிடும், நல்ல இடம் கெட்ட இடம் அதற்குத் தெரியாது என்றாள். நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் நஞ்சு ஏறியது. இதையெல்லாம் ஒரே சீரான குரலில், வேலையிடத்தில் அறிக்கை வாசிப்பது போலச் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரிப் பேச வராது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பருப்பைத் தின்றார்.

"நீ எவ்வளவு சொன்னாலும் உங்கப்பா காதுல ஏறாது" என்றாள் அம்மா. "அந்த மனுஷனுக்கு எதுவா இருந்தாலும் நாக்கு வழியாத்தான் உள்ள போகும்."

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அவர் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். மகள்தான் தூக்கி நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். படுத்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கத்தில் சிரித்தார்.

அதற்குப் பிறகு, ஒரு காலையில், பருப்பு இனித்தது.

முதலில் நம்பவில்லை. இன்னொன்றை எடுத்தார். இனிப்பு. பெரிய இனிப்பு இல்லை, பால் கட்டிய வாதுமையின் இனிப்பு, பின்னால் ஒரு சின்னப் பூவாசனை. டின்னின் அடியிலிருந்து ஒன்று. அதுவும் இனித்தது. அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. நாக்கு கெட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி மென்று பார்த்தார். கசந்தது. காப்பித் தூளை நக்கினார். கசந்தது. நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. பருப்பும் மாறியிருக்க முடியாது, கைப்பிடிக்கு ஒன்றாகக் கடித்துப் பொறுக்கியது அவரே. நாக்கும் மாறவில்லை, பருப்பும் மாறவில்லை என்றால் மாறியது எது? வேறு யாராக இருந்தாலும் டின்னைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். தன் கையால் பொறுக்கிய மூட்டையைச் சந்தேகப்படுவது அவர் வழக்கமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் அந்த இனிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடமாடினார். மத்தியானங்களில் தலை சுற்றவில்லை. வலி போய்விட்டது. அறை தன் இடத்தில் நின்றது. இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிவிட்டது. தெருவில் நடந்தபோது நீராவி அவரைச் சுற்றி இறங்கியது. அதற்குள்ளிருந்து தெரியாதவர்கள் தெரிந்தவர்களாக வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லாக் கதவும் புதிதாகச் சாயம் பூசியது போல இருந்தது. நாக்கின் ஓரத்தில் புண் தட்டுப்பட்டது, ஆனால் பழைய வீட்டில் காலி செய்யாமல் விட்டுப்போன சாமான் மாதிரி, ஆள் இல்லாமல் தட்டுப்பட்டது.

ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின வாரம் காலைச் சாப்பாட்டில் சொன்னார். மனைவி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் பாப்பா. போயிடுச்சு."

"எது போயிடுச்சு?"

"நோய்தான். பருப்பு இனிக்குது. நோய் இருந்தா கசக்கும். எனக்கு நாலு நாளா இனிக்குது."

மகள் கடிதத்தை மடித்துக் கீழே வைத்தாள். அடையாளம் என்று ஒன்று மூடிக்காரர் சொன்னது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை. அவள் எழுந்து உள்ளே போய், தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"உங்க பருப்பு இதுல இருக்குப்பா. டின்ல இருக்குறது உலர்பழக் கடையில வாங்கின இனிப்புப் பருப்பு. நீங்க குளியலறையில விழுந்த அன்னிக்கு மாத்தி வெச்சேன். முதல் கடியிலேயே கண்டுபிடிச்சு என்னைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. ருசி தெரியாம போயிடுச்சு போலன்னு நினைச்சு நான் உள்ள போய் அழுதேன்."

மனைவி முட்டையைத் தட்டில் வைத்தாள். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாத கோபம். "என் டின்ல கை வெச்சியா நீ?" என்று மட்டும் கேட்டார். மகள் ஆமாம் என்றாள்.

மனைவி எழுந்து இரண்டு சாஸர் எடுத்துவந்தாள். ஒன்றில் டின்னிலிருந்து ஒரு பருப்பு. இன்னொன்றில் பொட்டலத்திலிருந்து ஒன்று. மகள் தடுக்கப் போனாள். "கடிச்சுத் துப்பட்டும். அவர் அப்படியேதான் வாழ்ந்தாரு" என்றாள் மனைவி.

அவர் முதலாவதைக் கடித்தார். வாய் கொப்பளித்தார். இரண்டாவதைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இமைக்குள் தோட்டம் ஒன்றும் வரவில்லை. கிண்ணத்தில் துப்பினார்.

"கசக்குது" என்றார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் வெளியே போனார்.

மூடிக்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. மாடியில் ஒற்றை அறை. சுவர் அலமாரி முழுக்க மாதிரி மூடிகள், தங்க நிறம், வெள்ளை, பூப்போட்டவை, ஒரு பாட்டில்கூட இல்லாமல். வெயில் அவற்றில் பட்டு, கூரையில் வட்டம் வட்டமாக நடுங்கியது. கொடியில் ஆண்பிள்ளைத் துணி மட்டும் காய்ந்தது. பாகுக்காரர் சண்டைக்கென்றே தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் வாயிலேயே இருந்தன. உட்கார்ந்ததும் வேறு ஒன்று கேட்டார்.

"வீட்டுக்காரி எங்க?"

மூடிக்காரர் அவரைப் புரியாமல் பார்த்தார். "அவ போன குளிர்காலத்துலயே போயிட்டாளே அண்ணே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். அது இதயம். இந்த நோயால இல்ல. கடைசியில இனிப்பா இருக்குன்னு அவளே சொன்னா. நெஜமா சொன்னா அண்ணே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னா."

பாகுக்காரர் கூரையில் ஆடிய வெளிச்ச வட்டங்களைப் பார்த்தார். பார்த்திராத ஒரு பெண் அவருக்குத் தெரிந்தாள். கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். ஒரு மனிதன் தினமும் பருப்பு உடைத்துக் கொண்டுவந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், தேறினேனா என்று. அவள் கசப்பை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, இனிக்குதுங்க என்கிறாள். தான் அப்படி ஒருநாளும் தன் மனைவியிடம் சொன்னதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

கொண்டுவந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டார்.

"எனக்கும் இனிச்சுதுப்பா" என்றார். "ஆனா நான் ஆபரேஷனுக்குப் போறேன். நோய் இருக்கு, எம்பொண்ணு சோதிச்சுக் காட்டிட்டா. இதைத் தின்னு நான் விழுந்திருக்கேன். இனிமே யார் வந்து கேட்டாலும் நீ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. இதைச் சொல்லாதே. அவ பேரைச் சொல்லி யாருக்கும் கொடுக்காதே."

மூடிக்காரர் மூடி ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். பாகுக்காரர் அங்கிருந்து கிளம்பும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் மகளிடம் பொட்டலத்தைக் கொடுத்தார். "இதை எப்படிக் கொட்டணுமோ அப்படிக் கொட்டு. உனக்குத்தான் தெரியும்" என்றார். மனைவியிடம் எந்தச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார்.

தள்ளிப்போட்ட அந்த வாரங்கள் எவ்வளவு கெடுத்தன என்று மகள் பிற்பாடு டாக்டரம்மாவைக் கேட்டாள். கெடுத்திருக்கலாம், அளந்து சொல்ல முடியாது என்றாள் அவள். எல்லாவற்றையும் அளக்கிறவளுக்கு அந்தப் பதில் இன்றுவரை செரிக்கவில்லை.

கோடு இழுத்த இடத்தில் வெட்டினார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் உணவு விட்டார்கள். குழாயை எடுத்த பிறகும் அவர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை, மனைவிக்கு மட்டும் விளங்கியது. நர்ஸ் அவளிடம்தான் கேட்பாள். அவர் நீளமாக ஏதோ குழறுவார். "உங்க ஆஸ்பத்திரி சூப்புல உப்பு இல்லையாம்" என்பாள் மனைவி. அவர் சொன்னது அதுதானா, அவளாகச் சேர்த்துக்கொண்டதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. இனிப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. புளிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. மற்றதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். தொழிற்சாலைக்கு அவர் திரும்பவில்லை.

ஆனால் தூக்கத்தில் நாக்கு முழுசாக இருந்தது. முதல் தடவை வார்டில்தான், குழாய் இருந்தபோதே. விழித்ததும் மனைவியின் கையை இழுத்து, மேஜையில் இருந்த தாளில் எழுதிக் காட்டினார்: பிளம்ஸ் சாப்பிட்டேன். நிழல் பக்கத்துப் பழம். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலையில் அவர் கண் திறக்க வேண்டியதுதான், "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பாள். வறுத்த மீன் என்பார். சூடான ரொட்டி, ஓரம் கருகியது என்பார். ஒருநாள் அவள் கல்யாணமான புதிதில் வைத்த சூப் என்றார், ரொம்ப நன்றாக இருந்தது என்று சேர்த்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் திரையைச் சரிசெய்தாள், திரை சரியாகத்தான் இருந்தது. "அங்கேயாவது குறை சொல்லாம சாப்பிட்டீங்களே" என்றாள்.

மகள் வந்திருக்கும்போது அவளும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதற்கு மூளையில் ஏதாவது விளக்கம் இருக்கும். அவள் தேடிப் பார்க்கவில்லை.

அடுத்த சீசனை அவர் பார்த்தார். வாசற்படியில் நாற்காலி போட்டு, நீராவிக்குள் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த சீசன் வருவதற்குள் கழுத்தில் மறுபடி வந்துவிட்டது. இந்த முறை வெட்டுவதற்கு இல்லை என்று டாக்டரம்மா அதே நிதானத்தோடு சொன்னாள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். தூக்கம் நீண்டுகொண்டே போனது. கனவில் பந்தியும் நீண்டது.

கடைசி நாட்களில் ஒரு காலை, கண் திறந்தவர் வெகுநேரம் மேல் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். தெரிந்த ருசிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒத்துப் பார்ப்பவர் மாதிரி இருந்தது முகம். மகளுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"புதுசா ஏதோ ஒண்ணாம்" என்றாள் அம்மா. "இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லையாம். பேர் தெரியலையாம்."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஏதோ சொன்னார், விரலைக் கூட்டி, இவ்வளவு பெரியது என்று காட்டினார்.

"சரி, எல்லாத்தையும் நீங்களே தின்னுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி, தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டே. "எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"